இடது காதுக்குப் பின்னால்

சிம்மக்கல், மதுரை
10.6.2024

அன்புத் தங்கச்சி ஆஷிகாவுக்கு அக்கா சபியாவின் சலாம். நீயும் பரீத் தம்பியும் சுகந்தானே? இங்கே உன் மச்சான் சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவே வேண்டாம், உனக்குத்தான் எல்லாம் தெரியும்.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மேலூர். அங்கே இருக்கிற தங்கச்சிக்கு இன்லேண்ட் லெட்டர் வேண்டும் என்று கேட்டதற்கு, போஸ்ட் ஆபீஸ் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பழைய கட்டு ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தாள். எல்லாம் ஆனிமேரி டாக்டரம்மாவின் வேலை. போன வெள்ளிக்கிழமை மட்டும் உனக்கு நாற்பத்து மூன்று தடவை போன் செய்திருக்கிறேன். உன் மச்சான் என் போனை எடுத்து டாக்டரிடமே எண்ணிக் காட்டிவிட்டார். அந்தம்மா கோபப்படவில்லை.

“போன்ல கேட்டா ஒடனே பதில் வருதுல்லம்மா, அதான் இந்த நோய்க்குத் தீனி. கேக்காம இருக்க முடியலையா, லெட்டர் போடுங்க. பதில் வர்ற வரைக்கும் மனசு என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க” என்றார். ஓசிடி என்று பெயர் சொன்னார். மனசுக்குள் ஒரு சந்தேக மணி விடாமல் அடிக்குமாம், அதை நிறுத்தத்தான் இந்த ஓயாத கை கழுவலும் இந்தக் கேள்வியுமாம்.

சரி, கேட்டுவிடுகிறேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி, அம்மா மவுத்தான அன்றைக்கு, அடக்கத்துக்கு முன்னால், பின்கட்டில் சேலையை மறைப்பாகக் கட்டி அம்மாவை நான் குளிப்பாட்டினேன். நீ தண்ணீர் ஊற்றினாய். வேறு யாரும் உள்ளே இல்லை. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மூன்று தடவை. கடைசித் தண்ணீரில் கற்பூரம். இடது காதுக்குப் பின்னால் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் விலக்கினேனா? அங்கே தண்ணீர் பட்டதா? நீதானே ஊற்றினாய். பட்டதா ஆஷிகா? அம்மாவை அரைகுறையாக அனுப்பிவிட்டேனா? பட்டது என்று ஒரே ஒரு தடவை எழுதிப் போடு, போதும். பட்டதா?

இடம் முடிந்துவிட்டது. உன் அக்கா, சபியா.

*

மேலூர்
17.6.2024

அன்புள்ள அக்காவுக்கு ஆஷிகா எழுதுவது. அலைக்கும் சலாம். இன்று பெருநாள். தொழுதுவிட்டு வந்து இவர் தூங்குகிறார். தெரு முழுக்கப் பிரியாணி வாசனை. ஊரே உண்ட மயக்கத்தில் இருக்கிறது. நானும் பாதித் தூக்கத்தில்தான் எழுதுகிறேன்.

டாக்டர் எனக்கும் போன் செய்தார். நான் ‘பட்டுச்சுக்கா’ என்று சொல்லச் சொல்லத்தான் உங்களுக்குக் கேள்வி வளர்கிறதாம். இனி அந்த ஒன்றைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதலாமாம். எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். ரெண்டு வருசமாக நாம் வேறு எதுவுமே பேசவில்லை அக்கா.

உங்கள் போன் வருவது நின்று ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் மணி அடிக்கிற மாதிரியே இருக்கிறது. அரிசி களையும்போது கேட்கிறது. எடுத்துப் பார்த்தால் யாரும் இல்லை.

பத்திர ஆபீஸில் டைப் அடிக்கிற வேலைக்கு நாளை முதல் மறுபடி போக வேண்டும். கையில் வெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உங்கள் நலத்துக்கு துஆ செய்யும் தங்கை, ஆஷிகா.

*

சிம்மக்கல்
29.6.2024

ஆஷிகாவுக்கு சலாம். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? தேங்காய் எண்ணெயா? டாக்டர் சொன்னால் உனக்கு அக்கா வேண்டாதவளாகிவிட்டாளா?

மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். இப்போது சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. எழுதியதை அடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

என்னை ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். குறைவாகப் பயம் தருவது கீழே, அதிகமாகப் பயம் தருவது மேலே. கீழ்ப்படி, குழாயைத் தொட்டுவிட்டுக் கால் மணி நேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பது. கேட்க எளிதாக இருக்கிறதா? உட்கார்ந்தால் நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது. அதன் போக்கில் விட்டால் தானே இறங்கும் என்கிறார். இறங்கவில்லை. நாலாம் நாள் கொஞ்சம் இறங்கியது. நம்ப முடியாமல் மறுபடி தொட்டுப் பார்த்தேன். மேல்படியில் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும். மறுபடி ஒரு மய்யித்தைக் குளிப்பாட்டுவது. நம் மஹல்லாவில் பெண்கள் யார் இறந்து போனாலும் முன்பு என்னைத்தானே கூப்பிடுவார்கள். அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே வேலை அது. இப்போது யாராவது போனால் எனக்குக் காய்ச்சல் என்று உன் மச்சான் பொய் சொல்கிறார். பாவம், ஊருக்கெல்லாம் மொத்தமாக பிளாஸ்டிக் வாளி விற்கிற மனுசன், வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் மிஞ்ச மாட்டேன் என்கிறது.

மாத்திரை வேலை செய்ய ரெண்டு மாதம் ஆகுமாம். அதற்குள் கனவுதான் நிறைய வருகிறது. நேற்று வைகை கரையேறி நம் சந்துக்குள் வந்தது. சத்தமே இல்லை. கடை வாளிகள் எல்லாம் வரிசையாக மிதந்து போயின. நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தொடத் தோன்றவில்லை. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு நினைவு வந்துவிட்டது.

பட்டதா ஆஷிகா? இடது காது. மூன்று தடவை மட்டும் எழுதிக்கொள்கிறேன். பட்டதா? பட்டதா?

சபியா.

*

மேலூர்
20.7.2024

அக்காவுக்கு ஆஷிகாவின் சலாம். நாங்கள் நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆடியில் பத்திரப்பதிவு குறையும் என்பதால், அதற்குள் முடிக்க வந்த கூட்டம்.

உங்கள் கனவை இவரிடம் படித்துக் காட்டினேன். “மிதந்து போன வாளிக்கு மச்சான் எம்புட்டு வருத்தப்பட்டிருப்பாரு” என்றார். சிரித்தோம். நீங்களும் சிரிக்கத்தானே எழுதினீர்கள்?

ஆபீஸில் ஒன்று பார்த்தேன். சோலை என்று ஒருவர், டீக்கடைக்காரர். எந்தப் பத்திரத்துக்கும் சாட்சி ஆள் குறைந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். நேற்று கேட்டேன்: “அண்ணே, என்ன எழுதியிருக்குன்னு ஒருநாளாச்சும் படிச்சிருக்கீங்களா?” “படிச்சா போடத் தோணாதுத்தா” என்றார். எனக்கு அன்று முழுவதும் டைப் ஓடவில்லை.

வேறு ஒன்றும் இல்லை. நாலாம் நாள் கொஞ்சம் இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பல தடவை படித்தேன்.

ஆஷிகா.

*

சிம்மக்கல்
2.8.2024

அன்புத் தங்கச்சிக்கு சலாம். நான் இன்று சுகமாக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் உன் மச்சான் போய்க் கேட்டார். இது வஸ்வாஸ், இந்தச் சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் தொழச் சொல்லித்தான் மார்க்கமும் சொல்கிறது, டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்றாராம். இப்போது தொழுகைக்கு முன் ஒளுச் செய்ய ஒரு கெண்டித் தண்ணீர்தான். டாக்டர் வைத்த கணக்கு. முன்பு ஒண்ணரை மணி நேரம், இப்போது பத்து நிமிடம். உடம்பு பூராவும் காய்ந்த மாதிரியே இருக்கும், அப்படியே தொழுகிறேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை எதிர்ச்சந்து முருகம்மாள் கதவைத் தட்டினாள். அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா, நம் மரியம் மாமி, மவுத்தாகிவிட்டார். “அக்கா, மாமி உங்க கையாலதான் குளிப்பாட்டணும்னு எங்கிட்டயே எத்தன தடவ சொல்லியிருக்கு, வாங்கக்கா” என்று அழுதாள். நான் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன், அவள் குரல் கேட்கக் கூடாதென்று. மாமியைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற கலிமாச் சத்தம் அதையும் மீறிக் கேட்டது. தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டது.

மாமிக்கு இல்லாத கை எனக்கு எதற்கு? டாக்டரம்மா இதைச் சறுக்கல் என்கிறார், தோல்வி இல்லையாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பட்டதா? ஒரு தடவைதான் கேட்கிறேன். அதற்கு மேல் தெம்பு இல்லை.

சபியா.

*

மேலூர்
9.9.2024

அக்காவுக்கு சலாம். உங்களுக்கு உடம்பும் மனமும் லேசாகட்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது. நான் எழுத நினைத்தது இதிலும் இல்லை. வெறும் கடிதமாகவாவது வந்து சேரட்டும் என்று அனுப்புகிறேன்.

இங்கே மழை இல்லை. கல்குவாரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் கொடியில் காயும் துணி எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது.

ஆஷிகா.

*

சிம்மக்கல்
30.9.2024

அன்பு ஆஷிக்கு அக்காவின் சலாம். நீ நலமா? உண்மையாகவே கேட்கிறேன். நாலு கடிதத்தை எதற்கடி கிழித்தாய்?

மாத்திரை பிடித்துவிட்டது போலிருக்கிறது. எண்ணம் வருகிறது. முன்பு கழுத்தைப் பிடித்துக்கொண்டு வரும். இப்போது வாசலில் நின்று கூப்பிடுகிறது. பட்டியலில் பாதிக்கு மேல் ஏறிவிட்டேன். கை கழுவாமல் முருங்கைக்கீரை ஆய்ந்தேன், அதைத்தான் சமைத்தேன். உன் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். “நல்லாருக்கா?” என்றேன். “உயிரோட இருக்கேன்” என்றார். நானும் அவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

நேற்றுப் பகல் தூக்கத்தில் அம்மா வந்தது. மேலூர் பஸ் ஸ்டாண்டில், உன் வீட்டுக்குப் போகிற பக்கம், ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தலைமுடி விரித்துப் போட்டிருந்தது. வலப்பக்கம் ஈரம் சொட்டுகிறது. இடப்பக்கம் காய்ந்து பறக்கிறது. நான் பக்கத்தில் போனதும், “இம்புட்டு நேரமா காயவைக்கிறேன், பாதிதான் காஞ்சிருக்கு” என்றது. குறை சொல்லுகிற குரல் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிற குரல். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. எழுந்திருக்க மனமில்லை.

~~பட்டதா~~

அடித்துவிட்டேன் பார். அடித்ததே தப்பு என்பார் டாக்டர். கண்டுகொள்ளாதே.

உன் அக்கா, சபியா.

*

மேலூர்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ஆஷிகாவின் சலாம். படிக்கும்போது மச்சான் பக்கத்தில் இருக்கட்டும்.

டாக்டரிடம் கேட்காமல் எழுதுகிறேன். கேட்டால் பொறுங்கள் என்பார், பொறுத்தால் இதையும் கிழித்துவிடுவேன்.

எனக்குத் தெரியாது அக்கா. அன்றைக்கு உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் ‘ஊத்து’ என்றபோது ஊற்றினேன், ‘போதும்’ என்றபோது நிறுத்தினேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முதல் செம்பிலிருந்து கடைசிக் கற்பூரத் தண்ணீர் வரைக்கும் நான் எதையும் பார்க்கவில்லை. இடது காதைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தையே பார்க்கவில்லை.

முதல் தடவை நீங்கள் கேட்டபோது, துக்கத்தில் கேட்கிறார், ஆறுதலாக இருக்கட்டும் என்று ‘பட்டுச்சுக்கா’ என்றேன். மறுநாள் கேட்டீர்கள். அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? ரெண்டு வருசம், தினமும், பார்க்காததற்குச் சாட்சி சொன்னேன். சோலை அண்ணனாவது ஒரு தடவைதான் கையெழுத்துப் போடுகிறார்.

பட்டிருக்கலாம். படாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்கள் நோயை நான்தான் வளர்த்தேனோ என்று பயமாக இருக்கிறது. என்னை மன்னிக்காவிட்டாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஆஷிகா.

*

மேலூர்
11.11.2024

அக்காவுக்கு சலாம். நாலு வாரமாகிவிட்டது. மச்சானுக்குப் போன் செய்தேன். “இருக்கா, சாப்புடுறா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தபால்காரர் உக்கிரபாண்டி அண்ணன் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

மறுபடியும் குளியலறைக்குள் போய்விட்டீர்களா? பதில் வேண்டாம். வெறும் இன்லேண்டை ஒட்டி அனுப்பினால்கூடப் போதும்.

ஆஷிகா.

*

சிம்மக்கல்
2.12.2024

அன்புத் தங்கச்சி ஆஷிகாவுக்கு அக்கா சபியாவின் சலாம். நான் சுகம். நிஜமாகவே சுகம். இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி.

உன் கடிதம் வந்த அன்று பாத்ரூமுக்குள் போனேன். மூன்று மணி நேரம். உன் மச்சான் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே உட்கார்ந்து அழுதார். அதற்கப்புறம் ஒரு வாரம் உன் மேல் அப்படிக் கோபம். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினேன், நானும் கிழித்தேன். இப்போது கணக்கு சரியாகிவிட்டது.

கோபம் அடங்கிய பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. கேள்வி வந்தது, வழக்கம்போல. நீ ‘பட்டுச்சு’ என்று சொல்லியிருந்த காலத்தில், நிஜமாகவா, நன்றாகப் பார்த்தாளா, எனக்காகச் சொல்கிறாளா என்று அடுத்த நிமிடமே ஒன்பது கேள்வி முளைக்கும். ‘தெரியாது’ என்றதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன் ஆஷி. வெறுமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். “உங்க தங்கச்சி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கலாம்” என்று முகத்தைச் சுளித்தார். பிறகு ரெண்டாம் தடவை படித்தார். “சரி, இதோட இருக்கப் பழகுவோம்” என்றார்.

இப்போது முக்கியமானது. போன வியாழக்கிழமை பேச்சிப்பள்ளத் தெரு ரஹ்மத் பீவி மவுத்து. எண்பது வயசு. முருகம்மாள்தான் மறுபடியும் வந்து நின்றாள். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். “செருப்ப எங்கடி போட்டேன்?” என்று அவளைக் கேட்டேன்.

அவளோடு போனேன். இலந்தை இலை வாசனை வந்ததும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. வலப்பக்கம், இடப்பக்கம். மூன்று தடவை. தண்ணீர் ஊற்றிய மருமகள் இன்னொரு தடவை ஊற்றவா என்று பார்த்தாள். என் வாய் வரைக்கும் வந்தது. “போதும்மா” என்று சொல்லிவிட்டேன். துடைத்து, முடியை மூன்றாகப் பின்னி, துணி போர்த்தினேன். எங்கேயோ ஒரு இடம் நனையாமல் போயிருக்கலாம். போயிருக்கலாம். அப்படியே வீட்டுக்கு நடந்து வந்து, சோறு வடித்துச் சாப்பிட்டேன். அன்று ராத்திரி கனவு எதுவும் வரவில்லை.

ரெண்டு வருசம் உன்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சேலை மறைப்புக்குள் நீயும் நின்றாய், உனக்கும் அது அம்மாதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் இப்போது ஒன்று கேட்கிறேன். இதற்குப் பதில் எழுதலாம் என்று டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

நீ ஏன் கண்ணை மூடினாய்?

உன் அக்கா, சபியா.

*

மேலூர்
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு ஆஷிகாவின் சலாம். இங்கே எல்லாரும் நலம். உக்கிரபாண்டி அண்ணன் உங்கள் கடிதத்தைச் சைக்கிளில் இருந்தபடியே உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். நின்ற இடத்திலேயே படித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். யாரும் கேட்காததால் சொன்னதில்லை.

பயத்தில் மூடவில்லை அக்கா. பார்க்கத்தான் நினைத்தேன். நீங்கள் ‘ஊத்து’ என்றீர்கள். செம்பைச் சாய்த்தேன், அம்மா தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தோறும் அதே பின்கட்டில் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றும், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு செம்புக்கும், “கண்ண மூடிக்கத்தா, சீயக்கா எரியும்” என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்டதும் என்னையறியாமல் மூடிக்கொண்டேன். அம்மா சொல்லிவிட்டது போல இருந்தது. திறக்கச் சொல்ல அம்மா இல்லை.

இவ்வளவுதான். எழுதி முடித்ததும் அழுதேன். இவர் டீ போட்டுக் கொடுத்தார். இப்போது போன் மணி எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வாரேன். நல்லெண்ணெய் வாங்கி வையுங்கள், சீயக்காய் நான் கொண்டுவருகிறேன். எனக்குத் தலைக்கு ஊற்றிவிடுங்கள் அக்கா. எத்தனை செம்பு என்று எண்ண வேண்டாம். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
ஆஷிகா.